வாசிப்புப் பயிற்சி ஆசிரியருக்கு அப்படி என்னதான் வேலை?

மொத்தமே அறுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வாசிப்புக்கென்று தனி ஆசிரியர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னிமலைப் பக்கம் அப்படியொரு பள்ளியில் நான் பார்ப்பது அந்த வேலைதான்.

பாடம் நடத்துவது வகுப்பாசிரியர் பாடு. பிள்ளை வாசிக்கும்போது எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று கண்டுபிடிப்பது என் பாடு. தமிழில் 247 எழுத்து என்று மலைக்கிறோம். 12 உயிர், 18 மெய், அப்புறம் கொம்பு, கால், கொக்கிகள் பிடிபட்டால் பெரும்பகுதி முடிந்தது. அந்தக் கொம்பும் காலும்தான் வம்பு.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் 'கொடி'யை 'கெரடி' என்றே வாசித்துக்கொண்டிருந்தான். கொம்பைப் பார்த்ததும் 'கெ', பின்னால் நிற்கும் காலை 'ர' என்று எடுத்துக்கொண்டான். "முன்னாலயும் பின்னாலயும் இருக்குதுங்களே டீச்சர், எதைங்க மொதல்ல படிக்கறது?" என்றான். நியாயமான கேள்வி! மூன்றையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு, "இது மொத்தமும் ஒரே சத்தம் கண்ணு" என்றேன். பத்து நாள் கொ, தொ, மொ அட்டைகள் மட்டும்தான். சரியாகிவிட்டது.

திருப்பூர்ப் பனியன் வேலைக்கு வடக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் கதை வேறு. எழுத்தைக் கூட்டி வாசித்துவிடுவார்கள், பொருள் தெரியாது. அவர்களுக்கு முதலில் பேச்சு, அப்புறம்தான் புத்தகம்.

தினமும் நாலு நாலு பேராக இருபது நிமிடம் என்பது திட்டம். சின்னப் பள்ளியாச்சே, யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பும் என் தலையில்தான்.