மூச்சை இழுக்கும்போது மார்பைவிட வயிறு ஏன் உப்புகிறது?
காற்று வயிற்றுக்குள் போகவில்லை. நீங்கள் சொல்லும் அந்த உப்பல் சரியான இயக்கமே.

நுரையீரலுக்குத் தன்னை விரிக்கும் தசை கிடையாது. அதற்கு அடியில் குடைபோல் குவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை சுருங்கிக் கீழே இறங்குகிறது. மார்பறை பெரிதாகி, உள்ளே அழுத்தம் குறைந்து, காற்று நுழைகிறது. இடம் இழந்த இரைப்பையும் கல்லீரலும் வயிற்றுச் சுவரை முன்னே தள்ளுகின்றன. பாடப் படங்கள் விலா எலும்புகளையே பெரிதாகக் காட்டுவதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம்.

மல்லாந்து படுத்து, ஒரு கையை மார்பிலும் மற்றதை வயிற்றிலும் வைத்து இயல்பாக மூச்சுவிடுங்கள். பெரும்பாலும் வயிற்றுக் கைதான் அதிகம் உயரும். ஓடிய பிறகு மார்பும் நன்றாக எழும். விலாவிடைத் தசைகள் அப்போது கூடுதலாக உழைக்கின்றன.

மாறாக, மூச்சை இழுக்கும்போது வயிறு உள்ளே ஒட்டி, மூச்சுத்திணறலும் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.