தாயின் ரத்தம் ஒரு பிரிவு, குழந்தையின் ரத்தம் வேறு பிரிவு: எப்படி?

“எனக்கு ஓ பாசிட்டிவ், குழந்தைக்கு பி பாசிட்டிவ். பத்து மாதமும் என் ரத்தம்தானே அதன் உடம்பில் ஓடியது?” என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசவ வார்டில் செவிலியராக இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழும். உங்கள் ரத்தம் குழந்தைக்குள் ஓடவில்லை. குழந்தை தன் ரத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது; பி பிரிவு அதன் அப்பாவிடமிருந்து வந்தது. மிகச் சிறு கசிவைத் தவிர, இரண்டு ரத்தமும் கலப்பதில்லை.

பிரசவம் முடிந்ததும் நஞ்சுக்கொடியை (பிளசென்டா) தட்டில் விரித்து, முழுதாக வந்திருக்கிறதா என்று பார்ப்போம். குழந்தையின் பக்கம் வழவழப்பாகப் பளபளக்கும். தொப்புள்கொடி ஒட்டிய இடத்திலிருந்து ரத்தக்குழாய்கள் கிளைத்துப் பரவியிருக்கும். திருப்பினால் தாயின் பக்கம், கருஞ்சிவப்பாக, மடல் மடலாக. ஒரு மடல் குறைந்தாலும் விடமாட்டோம். கர்ப்பப்பையில் தங்கிய துண்டு ரத்தப்போக்கைக் கொண்டுவரும். எடை சுமார் அரைக் கிலோதான். ஆனால் அந்த மடல்களுக்குள் சல்லிவேர்கள் போலக் கிளைத்திருக்கும் நுண்விரலிகளின் பரப்பைக் கணக்கிட்டால் 10 சதுர மீட்டரைத் தாண்டும். விரலிகளுக்குள் ஓடுவது குழந்தையின் ரத்தம், வெளியே அவற்றைச் சூழ்ந்திருப்பது தாயின் ரத்தம். கொடுக்கல் வாங்கல் எல்லாம் இடையிலுள்ள மெல்லிய சவ்வு வழியாகத்தான்.

ஆக்சிஜன், அதிகமாக உள்ள தாயின் பக்கத்திலிருந்து தானாகவே பரவிச் செல்கிறது. குழந்தையின் ஹீமோகுளோபின் அதை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். மதுவும், நிக்கோடினும், பல மருந்துகளும் இப்படித் தடையின்றி நுழைந்துவிடுகின்றன. குளுக்கோஸைக் கடத்தச் சவ்விலேயே தனிப் புரதங்கள் உண்டு. அமினோ அமிலங்களையும் கால்சியத்தையும் நஞ்சுக்கொடி சக்தியைச் செலவழித்து இழுக்கிறது. அதனால் அவை தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அதிகம்.

சின்னது போகும், பெரியது போகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஐஜிஜி என்னும் நோய் எதிர்ப்புப் புரதம் இன்சுலினைவிடச் சுமார் 25 மடங்கு பெரியது. ஆனால் அதை அடையாளம் கண்டு, பிடித்து, மறுபக்கம் சேர்க்கும் ஏற்பிகள் நஞ்சுக்கொடியில் இருக்கின்றன. கர்ப்ப காலத்தில் உங்களுக்குப் போட்ட டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பு) ஊசி குழந்தையைக் காத்தது இந்த வழியில்தான். இந்தியாவில் பச்சிளங்குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த ரணஜன்னி 2015-இல் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டதில், கர்ப்பிணிகளுக்குப் போட்ட ரணஜன்னித் தடுப்பூசிக்குப் பெரும் பங்கு உண்டு. ஐஜிஜியின் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் போவதால், குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தப் பாதுகாப்பு குறைவாகவே கிடைக்கிறது. உங்களைப் போல ஓ பிரிவுத் தாய்மாரிடம் பி பிரிவுக்கு எதிரான ஐஜிஜியும் இருக்கலாம். அதுவும் உள்ளே போய்க் குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்கலாம் என்பதால், இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சில சமயம் மஞ்சள் காமாலை வரும். பெரும்பாலும் லேசானதுதான், ஆனாலும் கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால் அன்றே காட்டிவிடுங்கள்.

இன்சுலின் கதை இதற்கு நேர் எதிர். தாயின் இன்சுலின் குழந்தைக்குப் போவதில்லை, சர்க்கரை மட்டும் போகிறது. தாய்க்குச் சர்க்கரை ஏறினால் குழந்தையின் கணையம் தானே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கும்; குழந்தை கொழுத்துப் பெரிதாகும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் சுரப்பு உடனே குறையாது. சர்க்கரை நோயுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறந்த முதல் சில மணி நேரத்தில் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது, சர்க்கரை திடீரென இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.