ஓடும்போது தொடை உரசிப் புண்ணாகிறது: மருந்துக்கடைக் களிம்பைப் பூசலாமா?

கேள்வி: என் வயது 34. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 21 கி.மீ. ஓடுவதற்குப் பயிற்சி எடுத்துவருகிறேன். எட்டு கிலோமீட்டரைத் தாண்டினால் இரு தொடைகளின் உட்புறமும் உரசித் தோல் வழன்றுவிடுகிறது. பவுடர் போட்டும் பயனில்லை. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பு இரண்டே நாளில் குணமாக்கியது. மூன்று வாரமாக அதைப் பூசித்தான் ஓடுகிறேன். பூசாவிட்டால் முன்பைவிட அதிகமாகச் சிவக்கிறது. என்ன செய்வது?

தோல்நோய் மருத்துவரின் பதில்: முதலில் அந்தக் களிம்பின் அட்டைப்பெட்டியை எடுத்து, அதில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் இருக்கும் என்றே நினைக்கிறேன். இவை ஸ்டீராய்டுகள். எரிச்சலையும் சிவப்பையும் இவை விரைவில் அடக்கும் என்பதால்தான் இரண்டே நாளில் குணமானதாகத் தோன்றுகிறது. உரசல் அப்படியே நீடிக்கிறது. தொடை இடுக்கின் தோல் மெல்லியது, மடிப்புக்குள் மூடிக்கிடப்பது, ஆகவே மருந்தை அதிகமாக உறிஞ்சக்கூடியது. அதை ஒட்டியுள்ள விதைப்பையின் தோலோ முன்கையின் தோலைவிட ஏறத்தாழ 40 மடங்கு உறிஞ்சுவதாக 1960களிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். தொடர்ந்து பூசினால் தோல் மேலும் மெலிந்து, பிள்ளைப்பேற்றுக்குப் பின் வயிற்றில் விழுவன போன்ற வரிகள் தொடையில் விழும். அவை பிறகு முழுமையாக மறைவதில்லை.

இத்தகைய களிம்புகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018இல் மத்திய அரசு விதி செய்தது. அந்த விதி அரசிதழில் இருக்கிறது, களிம்போ கடையின் முன்வரிசையில் இருக்கிறது. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து, 'எல்லா அரிப்புக்கும் இது ஒன்று போதும்' என்று நீட்டுகிறார்கள். எச்சரிக்கையை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று தயாரிப்பவர் நினைக்கிறார். ஆய்வு செய்ய வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இதன் விளைவாக, சாதாரணப் படர்தாமரைகூட உருமாறி, எந்த மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாத நிலையில் எங்களிடம் வந்து சேர்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கரப்பான், சொரியாசிஸ் முதலிய நோய்களுக்காக உங்களை நேரில் பார்த்த மருத்துவர் ஒருவர், எந்த இடத்தில், எத்தனை நாள், எவ்வளவு பூச வேண்டும் என்று எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டுக் களிம்பு வேறு. அது தேவையான மருந்து. அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பதிலைப் படித்த பயத்தில் திடீரென நிறுத்த வேண்டாம். ஆனால் கைக்கு எழுதிக்கொடுத்ததைத் தொடையில் பூசுவதும், அண்ணனுக்கு எழுதிய சீட்டைக் காட்டித் தம்பி வாங்குவதும், ஐந்து நாளுக்குச் சொன்னதை ஐந்து மாதம் நீட்டுவதும் இந்த விலக்கில் சேரா.

இனி, உரசலைத் தடுக்கும் வழி. சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. நனைந்து ஊறிய தோல், உலர்ந்த தோலைவிட விரைவில் வழலும். வியர்வையின் உப்பும் சேர்ந்து அராவுகிறது. பவுடர் அந்த ஈரத்தில் குழைந்து திரண்டு, தானே உரசும் பொருளாகிவிடும். தொடையோடு ஒட்டி நிற்கும், உரசும் இடத்துக்குக் கீழே சில அங்குலமாவது இறங்கும், மேலே சுருண்டு ஏறாத செயற்கை இழை ஷார்ட்ஸ் ஒன்றை வாங்குங்கள். தையல் இடுக்கில் பதியக் கூடாது. அதற்குள் பருத்தி ஜட்டி அணியாதீர்கள். பருத்தி வியர்வையைக் குடித்துத் தேக்கிவைக்கும். கிளம்பும் முன், உலர்ந்த தோலில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகத் தடவுங்கள். 21 கி.மீ. ஓடிமுடிக்க உங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால், சிறு டப்பா ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று நடுவில் மறுபடி தடவ வேண்டியிருக்கும். துணியில் கறை படியும் என்பதைத் தவிர அதில் பெரிய குறையில்லை. பல மடங்கு விலையில் விற்கப்படும், தோலில் தேய்த்துக்கொள்ளும் உரசல் தடுப்புக் குச்சிகள் (ஸ்டிக்) உங்களுக்குக் கட்டாயமல்ல. வழியில் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் கவனம் தேவை: அது ஷார்ட்ஸ் வரை வழிந்துவிடும். போட்டியன்று புதிய உடையை முதல்முறையாக அணிய வேண்டாம்.

புண்ணாகிவிட்டால் வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஜெல்லியோ துத்தநாக ஆக்சைடு களிம்போ பூசி, ஆறும்வரை ஓட்டத்தை நிறுத்துங்கள். கிருமிநாசினித் திரவத்தை ஊற்றாதீர்கள்.

உங்கள் விஷயத்தில், மூன்று வார ஸ்டீராய்டுக்குப் பின் மீண்டும் மீண்டும் சிவப்பதால், அடியில் படர்தாமரை ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. உரசல் புண் பெரும்பாலும் எரியும். படர்தாமரை அரித்து, ஓரம் தடித்து, வெளிப்புறமாகப் பரவும். ஸ்டீராய்டு இந்த அடையாளத்தையும் அழித்துவிடுவதால் நீங்களே பார்த்து முடிவு செய்ய முடியாது. அந்தக் களிம்பை இனிப் பூசாமல், இந்த வாரமே தோல்நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவே போதுமானது. குழாயை அட்டைப்பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கலாம் என்பதால், அன்று காலை ஜெல்லி உட்பட எதையும் அந்த இடத்தில் பூசிக்கொண்டு போகாதீர்கள்.