வாசலுக்கு நீங்கள் போங்கள்

கேள்வி: டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் நான்கு ஆண்டுகளாக வசிக்கிறோம். கணவர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். ஊரின் ஒழுங்கும் தூய்மையும் எனக்குப் பிடித்திருக்கின்றன; மனிதர்களைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. லிஃப்டில் தலையசைப்பார்கள், ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் முறுக்கும் அதிரசமும் கொடுத்தேன். நான்கே நாளில் ஒரு பழப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். இதுவரை யாரும் எங்களை வீட்டுக்கு அழைத்ததில்லை. என் நான்கு வயது மகன் ஓடும் சத்தம் கேட்கிறது என்று கீழ்வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி ஒருநாள் மாலை வந்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்ததால் எப்போதும்போல் என் மகள்தான் போய், இரண்டு மூன்று முறை குனிந்து மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தாள். அவளுக்கு ஒன்பது வயது. உள்ளூர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இப்போது ரயிலில் மெதுவாகப் பேசும்படி என்னையே கண்டிக்கிறாள்; கடையில் நான் வாய் திறந்தால் தள்ளிப்போய் நிற்கிறாள். அவள் எங்களை விட்டு விலகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. திருச்சியில் என் அம்மாவிடம் விட்டுப் படிக்கவைக்கலாமா?

– ஒரு வாசகி, டோக்கியோ

பதில்: சகோதரி, மகளைத் திருச்சிக்கு அனுப்பாதீர்கள். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; ஏனென்றால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியைவிட, போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு செய்திதான் உங்கள் கடிதத்தை மீண்டும் மீண்டும் எடுத்துப் படிக்கவைத்தது. உங்கள் வீட்டுச் சத்தத்துக்காக உங்கள் வாசலில் நின்று குனிந்து மன்னிப்புக் கேட்டது ஒன்பது வயதுக் குழந்தை. சத்தம் போட்டவன் அவள் தம்பி. அவனை அடக்கியிருக்க வேண்டியவர் நீங்கள். நீங்களோ சில அடி தூரத்தில் அடுப்படியில் இருந்தீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நீங்கள் வராததற்குக் காரணம் அடுப்பு அல்ல, மொழி. அந்தக் கூச்சத்தை ஒரு குழந்தையின் தோளில் இறக்கி வைத்துவிட்டு, அந்தக் குழந்தை மாறிப்போகிறாள் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

ஓஸ்லோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் இதே கதை எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. பெற்றோர் மொழி தெரியாமல் போய் இறங்குவார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன ஓரிரு ஆண்டில் பேசத் தொடங்கிவிடுவார்கள். அன்றிலிருந்து வீட்டுக்கு வெளியே குடும்பத்தின் வாயாக அந்தப் பிள்ளைகளே ஆகிவிடுவார்கள். பெற்றோர் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெருமையை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. குடும்பத்துக்காக மன்னிப்புக் கேட்பதும், குடும்பத்துக்காகக் கோரிக்கை வைப்பதும், குடும்பத்தின் சார்பில் பதில் சொல்வதும் பெரியவர்களின் கடமை. அதைப் பிள்ளை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அது பிள்ளையின் வேலையாகிவிடாது.

அன்று உங்கள் வாசலில் நின்ற அந்த மூதாட்டி என்ன பார்த்திருப்பார் என்று யோசித்தீர்களா? ஜப்பானில் ஒரு குழந்தை அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டால், தாயோ தந்தையோ கடையில் ஓர் இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு, குழந்தையையும் உடன் அழைத்துக்கொண்டு போய், குழந்தைக்கு முன்பாகத் தாங்களே குனிந்து மன்னிப்புக் கேட்பது வழக்கம். பெற்றவர் குனிவதைப் பார்த்துத்தான் அங்கே பிள்ளை பொறுப்பைக் கற்றுக்கொள்கிறது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த அவருக்கு முன்னால், பெற்றவர்கள் உள்ளே இருக்க, ஒரு சிறுமி தனியாக வந்து குனிந்திருக்கிறாள். அவர் கோபத்தோடு வந்திருந்தாலும் பெரும்பாலும் மனம் சங்கடப்பட்டுத்தான் படியிறங்கியிருப்பார்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சத்தம் பற்றிய புகார் பெரும்பாலும் நேரில் வருவதில்லை. பராமரிப்பு நிறுவனத்திடம் சொல்வார்கள். அந்த நிறுவனம் யார் பெயரையும் குறிப்பிடாமல், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுபோல் ஒரு தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டும், அல்லது எல்லா அஞ்சல் பெட்டிகளிலும் போடும். அந்த எளிய வழி இருந்தும், தனியாக வாழும் முதியவர் ஒருவர் மேலே ஏறி வந்து உங்கள் அழைப்பு மணியை அழுத்தியிருக்கிறார். நான்கு ஆண்டுகளாக யாரும் பேசவில்லை என்று வருந்துகிறீர்கள். ஒருவர் பேச வந்தார், நீங்கள் வெளியே வரவில்லை.

மகள் நன்றாகப் பேசுகிறாள், எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறாள் என்று நீங்கள் பதில் எழுதக்கூடும். அவள் எதைப் படிக்கிறாள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போதைய பாடத்திட்டப்படி ஜப்பானியப் பள்ளிகளில் முதல் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160, மூன்றாம் வகுப்பில் 200 என்று, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளைக் கற்பிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பை முடிக்கும்போது ஒரு குழந்தை 440 எழுத்துகளைப் படித்திருக்கும். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்திருக்கும் பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. வார்டு அலுவலகத்திலிருந்து வரும் கடிதமும், காப்பீட்டுத் தாளும், மருத்துவமனைப் படிவமும் அந்தப் பட்டியலை நம்பி எழுதப்படுபவை. அப்படியானால் உங்கள் மகள் ஒரு பகுதியைப் படித்து மீதியை ஊகித்துச் சொல்கிறாள். தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தோடுதான் சொல்கிறாள். அதை உங்களிடம் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம், வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

நிஷிகசாய் அடங்கிய எடோகாவா வார்டில் இருந்துகொண்டு இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அரகாவா, எடோகாவா என்ற ஆறுகள் கடலில் சேரும் தாழ்நிலம் அது. பெரும்பகுதி கடலின் உயர்நீர் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. 2019-ஆம் ஆண்டு வார்டு நிர்வாகம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே, பெருவெள்ளம் வந்தால் இங்கே இருக்கக் கூடாது என்று வெளிப்படையாக அச்சிட்டிருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்தபோது, ஆற்றோரப் பகுதி மக்களை வெளியேறும்படி நிர்வாகம் அறிவுறுத்தியது. அப்படி ஓர் அறிவிப்பு நாளை இரவு வந்தால், உங்கள் வீட்டில் அதைப் படித்து, எங்கே போக வேண்டும் என்று சொல்லப்போவது யார்? மூன்றாம் வகுப்புச் சிறுமியா?

பள்ளியில் வீட்டுக்கும் ஆசிரியருக்கும் இடையே போய்வரும் தொடர்பு நோட்டு ஒன்று இருக்குமே, அதைப் பெற்றோர் பார்த்து முத்திரையோ கையெழுத்தோ இட்டு அனுப்ப வேண்டும். அந்த நோட்டை உங்கள் வீட்டில் யார் படிக்கிறார்கள்? அவளே படித்து, அவளே சுருக்கிச் சொல்லி, நீங்கள் முத்திரையை மட்டும் அழுத்துகிறீர்கள் என்றால், தன்னைப் பற்றி ஆசிரியர் எழுதுவதில் எது உங்களை வந்து சேரலாம், எது வேண்டாம் என்று முடிவு செய்பவளும் அவளே. இன்று அவள் நல்ல பிள்ளை. பதின்மூன்று வயதிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தால் என்ன ஆகும்?

ஜப்பானியக் குழந்தைகள் தாங்களே நடந்து பள்ளிக்குப் போகிறார்கள், வெள்ளை மேலங்கி அணிந்து மதிய உணவைத் தாங்களே பரிமாறுகிறார்கள், வகுப்பறையைத் தாங்களே பெருக்குகிறார்கள், அதனால் என் மகளுக்கும் பொறுப்பு வந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அவை அவள் வயதுக்கு ஏற்ற வேலைகள். வகுப்பிலுள்ள எல்லோரும் சேர்ந்து செய்பவை. வீட்டுக்காக மொழிபெயர்ப்பதை அந்த நாடு வேறு விதமாகப் பார்க்கிறது. பெரியவர்கள் சுமக்க வேண்டிய வீட்டுச் சுமைகளை அன்றாடம் சுமக்கும் பிள்ளைகளை அங்கே 'யங் கேரர்' என்று அழைக்கிறார்கள்; அதற்கு அரசின் குழந்தைகள், குடும்பங்கள் முகமை காட்டும் எடுத்துக்காட்டுகளில், ஜப்பானிய மொழி தெரியாத குடும்பத்தாருக்காக மொழிபெயர்க்கும் பிள்ளையும் இடம்பெற்றிருக்கிறது. அத்தகைய பிள்ளைகளுக்கு உதவுவதை 2024-இல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

இனி, அவள் கடையில் தள்ளி நிற்பதைப் பற்றி. அவள் உங்கள் தமிழுக்காக வெட்கப்படுகிறாள் என்று நினைக்கிறீர்கள். எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. நீங்கள் வாய் திறந்த அடுத்த நொடியில் கடைக்காரரின் கண்கள் அவள் பக்கம் திரும்பும். அதன் பிறகு விலை, அளவு, புள்ளி அட்டை, பை வேண்டுமா என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கண்கள் தன்மேல் விழாத இடத்துக்குத்தான் அவள் நகர்கிறாள். வேலையிலிருந்து கொஞ்ச நேரம் விடுபடப் பார்க்கும் குழந்தையைப் பண்பாட்டைத் துறந்தவளாகப் பார்க்காதீர்கள். ரயில் விஷயத்தில் அவள் சொல்வதுதான் சரி. அந்த ஊர் ரயிலில் கைபேசி மணியைக்கூட அடக்கி வைக்கிறார்கள், குரலைத் தாழ்த்துவதால் நமக்குக் குறைந்துபோவது எதுவும் இல்லை.

பழப்பெட்டி கணக்குத் தீர்ப்பது அல்ல. பெற்றதற்குப் பதிலாக ஒன்றைக் கொடுப்பது அவர்கள் வழக்கம். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுத்ததைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நெருங்கிய நண்பர்களைக்கூட வீட்டுக்கு அழைக்காமல் வெளியே சந்திப்பது அங்கே சாதாரணம்; அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் குடிவந்தபோது நீங்கள் போய் அறிமுகம் செய்துகொண்டீர்களா என்று கேட்காமல் விட முடியாது. நம் ஊரில் புதிதாக வந்தவரிடம் அக்கம்பக்கத்தார் வந்து தண்ணீர் வேண்டுமா, பால் வேண்டுமா என்று விசாரிப்பார்கள். ஜப்பானிய மரபில் புதிதாக வந்தவர்தான் இருபக்கத்து வீடுகளுக்கும், மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரு துண்டோ இனிப்போ எடுத்துக்கொண்டு போய்ப் பெயர் சொல்லிவிட்டு வர வேண்டும். நகரங்களில் இது குறைந்துவருகிறது என்றாலும், அந்த மூதாட்டியின் தலைமுறைக்கு அது மறந்திருக்காது. நீங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தீர்கள், அவர்கள் உங்களுக்காகக் காத்திருந்தார்கள். நான்கு ஆண்டுகள் போய்விட்டன.

ஆகவே இந்தச் சனி, ஞாயிறில் நீங்களும் உங்கள் கணவரும் கீழ்வீட்டுக்குப் போங்கள். காலை பத்து மணிக்கு மேல், சாப்பாட்டு நேரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் கட்டித் தரும் எளிய இனிப்புப் பெட்டியாக இருக்கட்டும். விலை உயர்ந்ததாக இருந்தால் அவருக்குப் பாரமாகிவிடும், வீட்டுப் பலகாரத்தைப் பழக்கம் வளர்ந்த பிறகு கொடுக்கலாம். மகனை அழைத்துப் போங்கள், ஓடியவன் அவன். மகளை அழைத்துப் போகாதீர்கள். “ஒசவாகசே ஷிதே சுமிமசென்” என்று நீங்கள் சொல்லுங்கள். சத்தம் போட்டதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். உச்சரிப்பு பிசகினாலும் பரவாயில்லை, கணவரும் கூடவே குனியட்டும். உள்ளே அழைப்பார் என்று எதிர்பார்க்காமல் இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுங்கள். திரும்பும்போது அவர் பெயரைத் தெரிந்துகொண்டு வாருங்கள். 1995-இல் கோபே நிலநடுக்கத்தின்போது இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பலரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான், கீழ்வீட்டில் ஒரு முதியவர் தனியாக இருக்கிறார் என்பது உங்களுக்கும் ஒரு பொறுப்பு. வீட்டுக்குத் திரும்பியதும் மகன் விளையாடும் இடத்தில் தடித்த விரிப்பைப் போடுங்கள்.

பிறகு மொழி. அலுவலகத்தில் ஆங்கிலம் போதுமானதாக இருக்கிறது என்பதற்காக உங்கள் கணவருக்கு விலக்குக் கிடையாது, வீடு அவருடையதும்தான். கான்ஜி தவிர, ஒலியைக் குறிக்கும் எழுத்துமுறைகள் அங்கே இரண்டு: ஹிராகனாவில் அடிப்படை எழுத்துகள் 46, கட்டகனாவிலும் 46. 247 எழுத்துகளைப் பலகையில் எழுதிப் பழகிய நமக்கு அது மலைப்பான வேலை அல்ல. வினைச்சொல் கடைசியில் வரும் வாக்கிய அமைப்பும் நமக்குப் பழகியதே. டோக்கியோ வார்டுகளில் தன்னார்வலர்கள் குறைந்த கட்டணத்தில் நடத்தும் வகுப்புகள் இருக்கின்றன. மகனைப் பள்ளியில் விட்ட பிறகு நீங்கள் போகலாம். படிக்க முடியாத தாளைக் கைபேசிச் செயலியில் காட்டிப் படியுங்கள், அல்லது வார்டு அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று கேளுங்கள். அது குழந்தையின் புத்தகப் பையிலிருந்து உங்கள் கைக்கு மாற வேண்டும், அவ்வளவுதான்.

மகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். இதுவரை அவள் செய்ததற்கு நன்றி சொல்லுங்கள். இனிமேல் அழைப்பு மணி அடித்தால் அம்மாதான் எழுந்து போவேன் என்றும் சொல்லுங்கள். சொன்னபடி எழுந்து போங்கள். முதல் சில முறை அவள் உங்கள் பின்னால் வந்து நின்று திருத்துவாள், திருத்தட்டும், கோபிக்காதீர்கள். திருச்சிக்குக் கோடை விடுமுறையில் அழைத்துப் போங்கள், பாட்டியோடு ஆசைதீர இருக்கட்டும், பள்ளி திறக்குமுன் உங்களோடு அழைத்து வந்துவிடுங்கள். இந்த வயதில் பெற்றவரைப் பிரிந்து வளரும் பிள்ளைக்கு எந்த நாட்டுப் பண்பாடும் ஈடு தராது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆசிரியரோடு தனியாகப் பேசும் நாள் என்று பள்ளியில் ஒன்று வரும். அந்தத் தேதியைத் தொடர்பு நோட்டில் நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். மொழிபெயர்க்க யாராவது வர முடியுமா என்று பள்ளியிடமும் வார்டு அலுவலகத்திடமும் முன்கூட்டியே கேளுங்கள். கணவரை அரை நாள் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். மகளை அந்த நேரத்தில் வெளியே விளையாடவிட்டுவிட்டு, நீங்கள் இருவரும் மட்டும் ஆசிரியர் முன்னால் உட்காருங்கள்.