கலோரி சரியாக இருந்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டுமா?

ஒரு நாளைக்கு 1500 கலோரிக்குள் நிற்கிறீர்கள், ஆனால் கலோரிக் கணக்குப் போடும் ஆப்பில் சர்க்கரை மட்டும் தினமும் வரம்பைத் தாண்டிச் சிவப்பில் நிற்கிறது, எடை குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும். செலவாகும் கலோரியைவிட உள்ளே போவது குறைவாக இருந்தால் போதும். ஒரு கிராம் சர்க்கரைக்கும் ஒரு கிராம் மாவுச்சத்துக்கும் ஏறக்குறைய அதே 4 கலோரிதான்.

முதலில் அந்தச் சிவப்பு எதனால் வருகிறது என்று பாருங்கள். பல ஆப்கள் பழம், பால் இவற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் சேர்த்தே கூட்டிவிடும். முழுப் பழத்தால் வந்த சிவப்பு என்றால் விட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன, மொத்தக் கலோரியில் 10 சதவீதம் என்ற வரம்பு தனியாகச் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றுக்குத்தான். (தேன் என்றால் கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் ஏராளம்!) உங்கள் 1500இல் அது 150 கலோரி, அதாவது சுமார் 37 கிராம், ஒன்பது டீஸ்பூன்.

உண்மையான சிக்கல் பசி. இனிப்புப் பானத்தில் 200 கலோரி குடித்தால் வயிறு அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதே 200 கலோரிக்குப் பருப்போ முட்டையோ சாப்பிட்டால் அடுத்த வேளை வரை தாங்கும். அதனால் நான் முதலில் கை வைப்பது குடிக்கும் சர்க்கரையில்தான். அப்புறம் புரதமும் நார்ச்சத்தும் போதுமா என்று பார்ப்பேன். சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு சாக்லேட்டா? கணக்கில் எழுதிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நீரிழிவு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கணக்கே வேறு.