பர்னாந்து என்னும் பெயர்

ஐயா,

எங்கள் குடும்பப் பெயர் ஃபெர்னாண்டோ. உங்களுக்குப் போர்த்துகீசிய இரத்தமா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். இந்தப் பெயருக்கு என்ன பொருள்? மரபணுச் சோதனை செய்து பார்க்கலாமா? அடிமைச் சின்னமாகத் தோன்றும் இதை, பிறந்திருக்கும் என் மகளின் பெயரிலிருந்து நீக்கிவிட எண்ணுகிறேன்.

தூத்துக்குடி வாசகர்

அன்புள்ள தம்பி,

மகள் நலமாக வளரட்டும். சென்ற வாரம்தான் என் தந்தையின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இதே பெயரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன். ஃபெர்னாண்டோ என்பது விசிகோத்துகள் என்னும் பண்டைய ஜெர்மானிய இனத்தார் வழியாக, இன்றைய ஸ்பெயினும் போர்த்துகலும் உள்ள ஐபீரியாவுக்குச் சென்ற ஜெர்மானியப் பெயர். துணிவு என்னும் பொருள் அதற்குள் உண்டு. மரபணுச் சோதனை வீண் செலவு.

அடிமைச் சின்னம் என்று எழுதியதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. முத்துக்குளிப்பு உரிமைக்கான பூசலில் கடற்படை உள்ள ஒரு துணை வேண்டும் என்று கணித்து, குதிரை வணிகர் ஜோவான் த குரூஸின் யோசனைப்படி கொச்சியிலிருந்த போர்த்துகீசியருக்குத் தூது அனுப்பி, பாதுகாப்பைப் பேசி முடித்தபின் 1530களில் திருமுழுக்குப் பெற்றவர்கள், முத்துக்குளித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த நம் பரதவர்கள். பிரான்சிஸ் சேவியர் 1542இல் இந்தக் கரைக்கு வரும் முன்பே அது நடந்துவிட்டது. பெயர்கள் திருமுழுக்கோடு வந்தவை, திருமணத்தோடு அல்ல. வரலாற்றைப் புரட்டிப் பார்க்காமல் முப்பாட்டன்களை ஏமாளிகளாக்குவது உங்களுக்கு அழகல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். போர்த்துகலில் ஃபெர்னாண்டோ என்பது ஒருவரின் இயற்பெயர். அவர் வழிவந்தவர்களின் குடும்பப் பெயர் ஃபெர்னாண்டஸ். ரொட்ரிகோவும் ரொட்ரிகஸும் அப்படித்தான். அந்த இயற்பெயர் குடும்பப் பெயராக வேர்பிடித்துத் தழைத்தது தூத்துக்குடியிலும், கடலுக்கு அப்பால் இலங்கையின் நீர்கொழும்பிலும் மொறட்டுவையிலும். டில்மா தேயிலையை உலகெங்கும் கொண்டுசென்ற மெரில் ஃபெர்னாண்டோ சிங்களவர். வல்லநாட்டிலிருந்து உங்கள் ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவரை ஆங்கிலத்தில் ஃபெர்னாண்டஸ் என்று எழுதினாலும், ஊர் அவரைக் குரூஸ் பர்னாந்து என்றே அழைக்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் நாக்கில் புரண்டு, ஒலி தேய்ந்து, தமிழாகிவிட்ட சொல் அந்தப் பர்னாந்து.

என்னைப் பள்ளியில் சேர்த்தபோது பதிவேட்டில் ஆசிரியர் ஃபெர்னாண்டஸ் என்று எழுதிவிட்டார். மறுநாள் வள்ளத்திலிருந்து இறங்கிய ஈரச் சாரத்தோடு என் தந்தை அவர் மேசைமுன் போய் நின்று, "எங்க பேரு பர்னாந்து, சார்" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று ஆசிரியர் சொல்லியும் அவர் நகரவில்லை. மை காய்ந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு மாற்றி எழுதும்வரை நின்றார். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இன்று அந்தச் சான்றிதழை மடித்து வைக்க மனம் வரவில்லை.

உங்கள் மகளின் பிறப்புச் சான்றிதழில் தமிழில் பர்னாந்து என்றே எழுதச் சொல்லுங்கள். எழுதுபவர் திருத்த வந்தால், மேசையை விட்டு நகராதீர்கள்.