கூடைக்குள் எது நியாயம்? இத்தாலியின் கூட்டுக் கொள்முதல் குழுக்கள்: கேள்வி பதில்

கே: மக்கள் எதை, ஏன் வாங்குகிறார்கள் என்று அறிய ஒரு சர்வே போதாதா? மானிடவியலாளர் எதற்கு?

சர்வேயில் எல்லோரும் நல்லவர்கள்தான்! டேனியல் மில்லர் என்ற மானிடவியலாளர் 1990களில் வட லண்டனில் ஒரு தெருக்காரர்களோடு கடைகளுக்கே போய்வந்தார். அங்கே சிக்கனம்தான் முதல் தர்மமாக இருந்தது. காசை மிச்சம் பிடிப்பது குடும்பத்தின் மேலுள்ள அக்கறை. சூழலுக்கு நல்லது என்று கூடுதல் விலை கொடுத்தால், வீட்டுக் காசை விரயம் செய்ததுபோல. இவர்களைச் சுயநலக்காரர்கள் என்று திட்டுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கே: இத்தாலியில் 'காஸ்' (GAS) என்கிறார்களே, அது என்ன?

'ஒற்றுமைக் கொள்முதல் குழு' என்ற இத்தாலியப் பெயரின் சுருக்கம். விளைவிப்பவரிடமே நேரடியாக, சேர்ந்து வாங்கும் குடும்பங்களின் குழு. முதல் குழு 1994-ல் பார்மா பக்கத்து ஊரான ஃபிதென்சாவில் தொடங்கியது. வட இத்தாலியின் பெர்கமோ பகுதிக் குழுக்களை ஆராய்ந்த மானிடவியலாளர் கிறிஸ்தினா கிராசேனி தானும் ஓர் உறுப்பினராக இருந்தார். குழுவில் ஆரஞ்சுக்கு ஒருவர், மாவுக்கு ஒருவர் என்று பொறுப்பு பிரித்துக்கொள்வார்கள். விவசாயியிடம் பேசுவது, ஆர்டர் சேர்ப்பது, காசு வசூலிப்பது, பெட்டிகளைப் பிரிப்பது எல்லாம் அந்தப் பொறுப்பாளரின் வேலை. சம்பளம் கிடையாது.

கே: ஆர்கானிக் முத்திரை பார்த்து வாங்கினால் போதுமே?

முத்திரை மண்ணைப் பற்றிச் சொல்லும், பறித்தவரின் கூலியைப் பற்றிச் சொல்லாது. 2010 ஜனவரியில் தென் இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் உள்ள ரொசார்னோவில் நடந்ததைப் பாருங்கள். ஆரஞ்சு பறிக்க வந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு, அவர்கள் கொதித்தெழுந்தார்கள், உள்ளூர்க்காரர்கள் திருப்பித் தாக்கினார்கள், கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டே அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த நாள்கூலி 25 யூரோ அளவுதான். தோட்டக்காரருக்கும் கிலோவுக்குச் சில சென்ட்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு 'எஸ்ஓஎஸ் ரொசார்னோ' என்ற அமைப்பு, தொழிலாளர்களை முறையான ஒப்பந்தத்தில் வைக்கும் சிறு விவசாயிகளின் பழங்களை இந்தக் குழுக்கள் வழியாக விற்கத் தொடங்கியது. விலையில் எவ்வளவு கூலிக்குப் போகிறது என்பதை வாங்குபவருக்கும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. கூலியைக் கேட்டு வாங்குவதை எந்தக் கடையில் பார்த்திருக்கிறீர்கள்?

கே: சரி, இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்குதானே?

பாதி உண்மை. உறுப்பினர்களில் படித்தவர்கள் அதிகம். ஆனால் பெரும்பாலும் நடுத்தர வருமானம், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள். இடைத்தரகர் இல்லாததால் ஆர்கானிக் கடையைவிட மலிவாகவே கிடைப்பதும் உண்டு. இங்கே பணத்தைவிட நேரம்தான் பெரிய செலவு. இரண்டு வேலை பார்ப்பவரால் வார நாள் மாலையில் பெட்டி எடுக்க வர முடியுமா? பல குழுக்கள் திணறுவது இங்கேதான் என்பது என் கணிப்பு.

கே: எதைப் படித்துத் தொடங்கலாம்?

கிராசேனியின் 2013 நூல், 'பியாண்ட் ஆல்டர்நேட்டிவ் ஃபுட் நெட்வொர்க்ஸ்'. மில்லரின் நூல் 1998-ல் வந்தது, 'எ தியரி ஆஃப் ஷாப்பிங்'. மெல்லிய புத்தகம், அதை முதலில் எடுங்கள்.